ஆடுகளத்தில் பொச்சாவாமை

உடலை இயக்கப் பயிற்சி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புவர். இயங்கும் உடலோடு உள்ளமும் உடனிருக்கப் பயிற்சி வேண்டும் என்பதை ஒப்புவோர் நெடுங்காலம் சிலராகவே இருந்தனர். இன்று அந்நிலை மாறிவிட்டது. துப்பாக்கி சுடுவோரும் வில்லாளரும் மட்டையாளரும் சதுரங்க வீரரும் மூச்சைக் கவனிப்பதையும், எழுகின்ற எண்ணத்தை எழுந்ததென்று அறிந்து அதன் பின்னே செல்லாதிருப்பதையும் தம் அன்றாடப் பயிற்சியின் ஒரு பகுதியாக்கிக்கொண்டனர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகச் சதுரங்க வாகை சூடிய குகேஷுக்கு, ஆட்ட நுணுக்கம் கற்பித்தோர் ஒருபுறமிருக்க, மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் என்பவர் துணை நின்றார். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற நம் கிரிக்கெட் அணிக்கும் அப்பணியைச் செய்தவர் அவரே.

மேலைநாட்டார் இப்பயிற்சியை ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று வழங்குவர். நாம் இக்கட்டுரையில் விழிப்பு என்ற எளிய சொல்லால் அதனைக் குறிப்போம். விழிப்பினால் ஆட்டம் சிறக்கிறதா என்பது உளவியலார் ஆராயும் வினா. அதனை அவர்களிடமே விட்டுவிடுவோம். நாம் எழுப்ப விரும்புவது வேறொரு வினா. விழிப்பினால் ஆடுபவர் சிறக்கிறாரா? கூர்மையான கவனம் தன்னளவிலேயே ஓர் அறமா? அன்றி, ஏந்துபவர் கைக்கேற்ப நன்மைக்கும் தீமைக்கும் உதவும் கத்தியைப் போன்ற கருவியா? நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கூடங்களுக்கு விடியற்காலையில் எழுப்பி அனுப்புகிற நமக்கு இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. அவர்கள் அங்கே கைக்கும் காலுக்கும் மட்டும் பயிற்சி பெறுவதில்லை. எதைக் காண்பது, எதைக் காணாமல் விடுவது என்பதையும் பயில்கின்றனர்.

சொல்லின் வரலாறு

விழிப்பைக் குறிக்கப் பௌத்த நூல்கள் ஆளும் பாலிச் சொல் ‘சதி’ என்பது. வடமொழியில் அது ‘ஸ்மிருதி’. இரண்டிற்கும் வேர்ப்பொருள் நினைவு. சதிபட்டான சுத்தம் என்னும் பழைய பௌத்த உரை, மூச்சைக் கவனிப்பதோடு நில்லாமல், நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல், கைகால்களை மடக்கல், நீட்டல் ஆகிய செயல்களில் எல்லாம் செய்வதை அறிந்து செய்யுமாறு துறவியர்க்கு அறிவுறுத்துகிறது. ஆகவே, உடலியக்கத்தோடு விழிப்பைச் சேர்ப்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. புதிதாக நேர்ந்தது அது ஆடுகளத்திற்குச் சென்றதுதான். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளுக்காக இப்பயிற்சியை ஒழுங்குபடுத்திய ஜோன் கபட்-ஜின், 1984-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒலிம்பிக் படகோட்டிகளுக்கும் அதனைக் கற்பித்தார். தொண்ணூறுகளில் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் பில் ஜாக்சன், ஜார்ஜ் மம்ஃபர்ட் என்பவரை அழைத்துத் தம் வீரர்களைக் கண்மூடி அமரப் பழக்கினார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று.

நம் மொழியில் இதற்குச் சொல் இல்லையா என்று தேடுவோருக்குத் திருக்குறள் விடை தருகிறது. பொருட்பாலில் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதி. சோர்வினால் வரும் மறதி. பொச்சாவாமை அதன் மறுதலை. ஆளுவோர்க்கு வேண்டும் பண்புகளைக் கூறுமிடத்தில் வள்ளுவர் இதற்குத் தனி அதிகாரம் வகுத்தார். நினைவு என்ற வேரிலிருந்து பாலி மொழி எய்திய பொருளை, மறவாமை என்ற வழியே தமிழ் எய்தியுள்ளது. இவ்வொற்றுமை நமக்கு ஒரு திறவுகோல். விழிப்பு என்றவுடன் நாம் இக்கணத்தை மட்டும் எண்ணுகிறோம். மறவாமை என்றவுடனோ, எதனை மறவாதிருப்பது என்ற வினா தானே எழுகிறது. அறம் அவ்வினாவில்தான் தொடங்குகிறது.

பறவையின் தலை

மகாபாரதத்து ஆதிபருவத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நம் நாட்டின் எல்லா மொழிகளிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். துரோணர் ஒரு செயற்கைப் பறவையை மரத்தின் உச்சியில் அமைத்து, தம் மாணவரை ஒவ்வொருவராக அழைக்கிறார். வில்லை வளைத்து நின்ற தருமனிடம் என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மரமும் தெரிகிறது, ஆசிரியராகிய நீங்களும் தெரிகிறீர்கள், தம்பியரும் தெரிகின்றனர், பறவையும் தெரிகிறது என்கிறான் தருமன். அவனை விலகச் சொல்கிறார் ஆசிரியர். ஏனையோரும் அவ்வாறே விடை கூறி விலகுகின்றனர். அருச்சுனன் ஒருவனே பறவை மட்டும் தெரிகிறது என்கிறான். மேலும் வினவியபோது, அதன் தலை மட்டும் தெரிகிறது, உடல் தெரியவில்லை என்கிறான். அம்பு பாய்கிறது, தலை அறுந்து வீழ்கிறது. மக்கள் வழக்கில் உள்ள கதை தலையைக் கண்ணாகச் சுருக்கி இன்னும் கூர்மையாக்கிவிட்டது.

கவனத்தின் சிறப்பை விளக்க இதனினும் சிறந்த கதை இல்லை. ஆயினும் இக்கதையைச் சொல்லும் நாம் தேர்வில் தோற்றவனை ஒருமுறையேனும் திரும்பிப் பார்ப்பதில்லை. தருமன் கண்டவை யாவை? மரம், ஆசிரியர், தம்பியர். வில்லாளன் காணத் தகாதவை என்று துரோணர் ஒதுக்கிய இவற்றையே, நாளை அரசனாகப் போகிறவன் ஒருநாளும் காணத் தவறக் கூடாது. ஒரு கலையில் தோல்விக்குக் காரணமான பார்வை மற்றொரு கடமையில் தலையாய தகுதியாகிறது.

அதே ஆதிபருவத்தில், இந்நிகழ்ச்சியை ஒட்டியே, ஏகலைவன் கதையும் வருகிறது. தன்னை விஞ்சிய வில்லாளன் ஒருவன் காட்டில் இருக்கிறான் என்று அறிந்த அருச்சுனன், தனக்கு ஆசிரியர் கொடுத்த வாக்கை நினைவூட்டி முறையிடுகிறான். ஏகலைவன் தன் வலக்கைப் பெருவிரலைக் காணிக்கையாக இழக்கிறான். பறவையின் தலையன்றி வேறொன்றும் காணாத அதே உள்ளம், பிறன் ஒருவனுடைய திறமையைக் கண்டு பொறுக்கவில்லை. குறியின்மேல் பதிந்த கண் பொறாமையை அகற்றிவிடவில்லை என்பதை வியாசர் அருகருகே வைத்துக் காட்டுகிறார்.

பின்னர்க் குருட்சேத்திரம். அங்கே அருச்சுனன் தன் தேரை இரு படைகளுக்கும் நடுவே நிறுத்தச் சொல்கிறான். இம்முறை அவன் கண்ணுக்குப் பறவையின் தலை தெரியவில்லை. பாட்டன்மார், ஆசிரியர், மாமன்மார், உடன்பிறந்தார், மக்கள் என எல்லோரும் தெரிகின்றனர். காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. இளமையில் தருமன் கண்டதை அருச்சுனன் அன்றுதான் முதன்முதல் கண்டான் என்று சொல்லலாம். கீதை அவனை மீண்டும் பழைய குறுகிய பார்வைக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் கண்டபின்னரும், பயனில் பற்று நீங்கிச் செயல்படும் வழி ஒன்று உண்டு என்கிறது. அவ்வழி சென்று சேர்ந்த இடம் சரியா என்பது பெரியோர் பலர் வாதிட்ட பொருள். அதனுள் நாம் புகவில்லை. குறியை மட்டும் காணும் கவனம் ஒன்று, குறியைச் சூழ நிற்பவரையும் காணும் விழிப்பு மற்றொன்று என்ற வேறுபாடு போதும், நம் ஆராய்ச்சிக்கு.

வில்லைக் கற்ற ஒரு பேராசிரியர்

இவ்வேறுபாட்டை உணராமையால் வரும் தீங்கிற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்று உண்டு. ஓய்கன் ஹெரிகல் என்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் 1924 முதல் 1929 வரை ஜப்பானில் செண்டாய் நகரில் ஆசிரியப் பணியாற்றினார். அப்போது அவா கென்சோ என்ற வில்லாசானிடம் பயின்றார். அம்பை எய்கிறேன் என்ற முனைப்பு நீங்கி, பனியின் சுமையால் தாழ்ந்த இலையிலிருந்து பனி தானே வழுவுவதுபோல நாணிலிருந்து அம்பு விடுபட வேண்டும் என்பது அங்கே அவர் பெற்ற பாடம். அவ்வனுபவத்தை விரித்து 1948-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் பல மொழிகளில் பெயர்ந்து, விளையாட்டுக்கும் தியானத்திற்கும் உள்ள உறவைப் பேசுவோர் எல்லோரும் படிக்கும் நூலாயிற்று. நான் என்ற முனைப்பு ஒழிவதைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதிய அப்பேராசிரியர் 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்.

இதனைக் கூறுவது ஒருவரைப் பழிப்பதற்கன்று. ஒரு நூலின் பயனை மறுப்பதற்கும் அன்று. அம்பு விடுபடும் கணத்தில் உள்ளம் தெளிந்திருத்தல், தன் ஊரில் தன் அண்டை வீட்டாருக்கு நேரும் கொடுமையைக் காணும் கண்ணைத் தானாகத் தந்துவிடாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். திருடனுக்கும் கவனம் உண்டு. பதுங்கியிருந்து சுடுபவனுக்கு மூச்சின்மேல் உள்ள ஆட்சி முனிவருக்கும் வாய்ப்பதரிது. பௌத்தர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆகவேதான் வெறும் சதி என்னாது நற்சதி என்று அடைகொடுத்து ஓதினர். தீய சதி என்று ஒன்று உண்டென்பதையும் அவர்கள் நூல்கள் குறிக்கின்றன.

ஒரு மூச்சும் ஏழு பேரும்

அப்படியாயின், எல்லாவற்றையும் கண்டுகொண்டிருப்பவன் எவ்வாறு வெல்வான் என்று ஒரு தடை எழும். தருமனைப் போல மரத்தையும் தம்பியரையும் பார்த்துக்கொண்டு நின்றால் குறி தப்பாதா? தப்பும். பத்து மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் பத்துக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதனை நோக்கி விசையை அழுத்தும் கணத்தில் வேறொன்றையும் காணாமல் இருப்பது குற்றமாகாது. ஆனால் அக்கணம் சில விநாடிகளே நீடிக்கும். டெஸ்ட் கிரிக்கெட்டில் இன்று ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்துகள் வீசப்பட வேண்டும். நாள் முழுவதும் மட்டையேந்தி நிற்பவர் ஒவ்வொரு பந்துக்கும் பார்வையைக் குவித்து, பந்து முடிந்ததும் விரித்து, மீண்டும் குவித்தே அத்துணை நேரத்தைக் கடக்கிறார். இடையறாது குவித்தவர் முற்பகலிலேயே களைத்துவிடுவார். குவிப்பதைப் போலவே விரிப்பதும் கலையின் பகுதிதான்.

இதனை நம் நாட்டு விளையாட்டு ஒன்றே தெளிவாகக் காட்டுகிறது. தமிழர் சடுகுடு என்றும், மராட்டியர் ஹுதுது என்றும், வங்காளியர் ஹாடுடு என்றும் அழைத்து, இன்று எல்லோரும் கபடி என்று வழங்கும் ஆட்டம் அது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இடம்பெற்று நமக்குத் தங்கம் தந்தது. பாடிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் செல்பவர் மூச்சு விடாமல் ஒரே சொல்லை ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரே ஏழு பேர் பிறைபோல் சூழ்ந்து நிற்பர். பாடுபவர் அவர்களுள் ஒருவரையே உற்று நோக்கினால் ஏனைய அறுவருள் ஒருவர் காலைப் பற்றிவிடுவார். எல்லோரையும் ஒருசேரக் காண வேண்டும். மூச்சையும் விட்டுவிடக் கூடாது. திரும்பி வரவேண்டிய நடுக்கோட்டையும் மறக்கக் கூடாது. மூச்சைப் பற்றிக்கொண்டு நாற்புறமும் விழித்திருக்கும் இந்த ஆட்டத்தில், பறவையின் தலையை மட்டும் காண்பவன் வெகுவிரைவில் பிடிபடுவான். விரிந்த பார்வை வெற்றிக்குப் பகையென்பது எல்லா ஆட்டத்திற்கும் பொருந்தும் விதியன்று என்பது இதனால் விளங்கும்.

மறவாதிருக்க வேண்டியவை

இனி, ஆடுகளத்தில் எவற்றை மறவாதிருத்தல் வேண்டும் என்பதைக் காண்போம். மூன்றைக் கூறலாம்.

முதலாவது, தன் உடல். வீரரின் உடல் அவருக்குக் கருவி என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கருவி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். முழங்காலை அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாது. வலியைப் பொருட்படுத்தாமையே வீரம் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை, உடல் சொல்லும் செய்தியைக் கேளாதிருக்கப் பழகிவிடுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 27 அன்று, அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் முதல் தாவலின்போதே, காற்றில் சுழலும் தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தமக்குத் தப்பிவிட்டதை அறிந்தார். குழுப் போட்டியின் எஞ்சிய பகுதியிலிருந்து விலகினார். தலைகீழாகச் சுழன்று தரையிறங்கும் அக்கலையில் அவ்வுணர்வு தப்பினால் கழுத்து முறியலாம். உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், பழிச்சொல் வருமென்று அறிந்தும், தம் நிலையை உள்ளவாறு கண்டு ஒதுங்கியதைக் கோழைத்தனம் என்றோரும் உண்டு. நாம் அதனை விழிப்பின் செயல் என்றே கொள்கிறோம். மூன்றாண்டு கழித்துப் பாரிசில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றது அதற்குப் பின்னுரை. வெல்லாமலே போயிருந்தாலும் அச்செயலின் தகுதி குறையாது.

இரண்டாவது, எதிராளி. ஆட்டத்தில் எதிராளி நமக்குத் தடையாகவே தோன்றுகிறான். ஆனால் அவன் இல்லையேல் ஆட்டமே இல்லை. தன் முழுத் திறனோடு நம்மை எதிர்ப்பதன் மூலம் நம் திறன் எவ்வளவு என்பதை நமக்குத் தெரிவிக்கும் உதவியை அவன் செய்கிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டியெறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்; நம் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். அன்று நீரஜின் தாயார், தங்கம் வென்றவரும் நம் பிள்ளைதான் என்ற கருத்துப்படக் கூறினார். நாடுகளுக்கிடையே உள்ள பகை எல்லோரும் அறிந்தது. அப்பகையின் நடுவிலும் ஒரு தாயின் கண் ஈட்டி விழுந்த கோட்டை மட்டும் காணாமல், அதனை எறிந்த மற்றொரு தாயின் மகனையும் கண்டது. பயிற்சிக்கூடங்களில் கற்பிக்கப்பெறாத விழிப்பு அது.

மூன்றாவது, வாய்மை. இதற்கு 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே அரங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை முன்னிட்டு இங்கிலாந்து அணியோடு நடந்த டெஸ்ட் ஆட்டம் அது. இந்திய அணியின் தலைவர் குண்டப்பா விசுவநாத். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அதன்பின் இணைந்த இயன் போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் நிலைபெறத் தொடங்கிய வேளையில், கபில்தேவ் வீசிய பந்தில் டெய்லர் பிடிபட்டார் என்று நடுவர் கை உயர்த்தினார். பந்து தம் மட்டையில் படவில்லை என்பது டெய்லரின் எண்ணம். அதே கணத்தில் ஸ்லிப் நிலையில் நின்ற விசுவநாத்துக்கும் அது தெரிந்திருந்தது. அவர் நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்றார். டெய்லர் மீண்டும் ஆடினார். போத்தம்–டெய்லர் இணை 171 ஓட்டங்கள் சேர்த்தது. இங்கிலாந்து பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது.

இந்நிகழ்ச்சியை நாம் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பேசி நிறுத்திக்கொள்கிறோம். அதில் கவனத்தைப் பற்றியும் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஸ்லிப்பில் நிற்பவர் மட்டையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பவர். விளிம்பில் பட்ட பந்து கணப்பொழுதில் அவர் கைக்கு வரும். ஆகவே களத்திலேயே மிகக் கூரிய கவனம் அவருக்குத் தேவை. அக்கூர்மை எதற்காகப் பயிலப்படுகிறது? எதிராளியை வீழ்த்துவதற்காக. ஆனால் கண் கூர்மையடைந்தபின் அது தனக்கு வேண்டியதை மட்டும் காண்பதில்லை, வேண்டாததையும் காண்கிறது. பந்து விளிம்பில் பட்டதைக் காட்டும் அதே கண், படாததையும் காட்டிவிடுகிறது. அக்கணத்தில் ஆட்டக்காரர் சாட்சியாகிவிடுகிறார். கண்டதைச் சொல்வதா, கண்டும் காணாததுபோல் இருப்பதா என்ற முடிவைக் கவனம் அவருக்காகச் செய்து தராது. கவனம் வாய்மையை அவர் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. கதவைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. விழிப்பு தன்னளவில் அறமன்று. ஆயினும் அது கத்தியைப் போன்ற வெறுங்கருவியும் அன்று. கத்தி தன்னை ஏந்துபவரிடம் எதையும் கேட்பதில்லை. விழிப்போ, கண்ட உண்மையைக் காட்டி, இனி என்ன செய்வாய் என்று கேட்கிறது. அக்கேள்விக்கு மறுமொழி கூறும் மனம் இருக்குமாயின் விழிப்பு அறத்தின் முதற்படியாகும்; இல்லையாயின் அது திறமையாக மட்டுமே நின்றுவிடும்.

வெற்றிக்குப் பின்

மனப்பயிற்சியாளர் பலரும் வீரரைத் தோல்வி அச்சத்திலிருந்து காப்பதிலேயே கருத்தாய் இருக்கின்றனர். வள்ளுவரோ பொச்சாவாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, அளவுகடந்த களிப்பினால் வரும் மறதியைச் சினத்தினும் கொடியதாக வைத்தார். சினம் வரும்போது அதனைச் சினமென்று அறிகிறோம். களிப்பு வரும்போது அதனைப் பகையென்று யாரும் ஐயுறுவதில்லை. மறதி அவ்வழியாக எளிதில் உள்ளே வருகிறது.

2008 ஆகஸ்டு 11 அன்று பெய்ஜிங்கில் பத்து மீட்டர் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா தம் கடைசிக் குண்டுக்கு 10.8 பெற்று, தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியரானார். ஆண்டுக்கணக்கில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியை நோக்கியே வாழ்ந்த அவர், அப்புள்ளியை அடைந்தபின் தம்முள் ஒரு பெருவெறுமை சூழ்ந்ததைப் பின்னாளில் மறைக்காமல் கூறியுள்ளார். தோல்வியால் வந்த துயரத்தைக் காட்டிலும் வெற்றியின்பின் வந்த துயரமே அவருக்குப் பெரிதாக இருந்தது. பறவையின் தலை வீழ்ந்தபின் எதைப் பார்ப்பது என்று துரோணர் அருச்சுனனுக்குச் சொல்லித் தரவில்லை. நம் பயிற்சிக்கூடங்களும் சொல்லித் தருவதில்லை. இதனை வெளிப்படக் கூறிய பிந்த்ராவின் நேர்மை அவருடைய பதக்கத்தைப் போலவே இளையோர்க்குப் பயன்படுவது.

குகேஷ் உலக வாகை சூடிய அன்று, டிங் லிரென் எழுந்து சென்றபின், கண்ணீர் வடித்துக்கொண்டே பலகையில் காய்களை மீண்டும் முறைப்படி அடுக்கி வைத்ததை உலகம் கண்டது. பின்னர்ச் செய்தியாளரிடம், தோற்றவரை உண்மையான வாகையர் என்று போற்றினார். 18 வயது இளைஞரின் களிப்புக்கு அதனினும் பெரிய காரணம் இருந்திருக்க இயலாது. அந்நிலையிலும் பலகையையும் எதிராளியையும் அவர் மறக்கவில்லை. பொச்சாவாமைக்கு இதனினும் எளிய விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

படிகளை விட்டு ஏறுதல்

விழிப்பு திறமையாக மட்டுமே நின்றுவிடும் நிலை ஏன் நேர்கிறது? அதனை நாம் பாதியாகப் பெற்றுக்கொண்டதே காரணம் என்று கருதுகிறோம். பதஞ்சலியின் யோக நூல் எட்டு உறுப்புகளைக் கூறுகிறது. ஆசனம் மூன்றாவது, மூச்சை அடக்கும் பிராணாயாமம் நான்காவது, உள்ளத்தை ஓரிடத்தில் நிறுத்தும் தாரணை ஆறாவது. இவற்றுக்கெல்லாம் முன் முதலாவதாக வைக்கப்பட்டது யமம். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியவை அதனுள் அடங்கும். பௌத்தரின் எண்வகை நெறியிலும் நற்சதி ஏழாவதாகவே வருகிறது. நல்ல சொல்லும் நல்ல செயலும் நல்ல வாழ்க்கையும் அதற்கு முன் நிற்கின்றன. இன்றைய விளையாட்டுலகம் மூன்றையும் நான்கையும் ஆறையும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டது. ஊக்கமருந்து உட்கொண்டவரும் மூச்சுப் பயிற்சி செய்கிறார். அவருக்கும் அது பயன் தருகிறது. பயன் தருவதனாலேயே அதில் ஒரு குறை இருப்பது நமக்குத் தோன்றுவதில்லை.

தியானத்தைப் பதக்கத்திற்காகப் பயன்படுத்துவதே தவறு என்போரும் உளர். நாம் அவ்வளவு கடுமையாகக் கூறமாட்டோம். யோகத்தின் வழியில் சித்திகள் வரும் என்பதைப் பதஞ்சலி மறுக்கவில்லை; அவை சமாதிக்கு இடையூறு என்று மட்டும் எச்சரித்தார். பதக்கமும் அத்தகைய சித்திகளுள் ஒன்று என்று கொள்ளலாம். வருமாயின் வரட்டும். அதனையே யோகத்தின் பயனென்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடக் கூடாது.

பந்தயத்திற்குச் செல்லாத நம்மனோர்க்கும் இதில் செய்தி உண்டு. மாநகரங்களின் பூங்காக்களில் காலையில் நடப்போர் பலர், நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கை முடிப்பதில் முனைந்திருக்கின்றனர். அவ்வெண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் பொருள்படப் பெயரிட்டதிலிருந்து பரவியது. எண்ணிக்கை தீங்கு செய்வதில்லை. ஆனால் எண்ணிக்கையை நிறைவேற்றும் முனைப்பில், கால் தரையில் படுவதையும், மூச்சு வாங்குவதையும், எதிரே தடியூன்றி வரும் முதியவருக்கு வழிவிட வேண்டியதையும் மறந்து நடப்போமாயின், நடந்தது உடல் மட்டுமே.

இளையோரைப் பயிற்றுவோரும் பெற்றோரும் ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் வென்றாயா என்று கேட்பது இயல்பு. அதனோடு, இன்று களத்தில் என்னென்ன கண்டாய் என்றும் கேட்போம். எதிரணியில் நன்றாக ஆடியவர் யார், உன் கால் வலித்ததா, நடுவர் தவறியது உண்டா, அது உனக்கு ஆதாயமாக இருந்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்போம். தருமனின் விடையைச் சொல்லும் பிள்ளையைத் தேர்விலிருந்து விலக்காமல், வில்லைக் கையில் கொடுத்து, குறியையும் காணக் கற்பிப்போம். குறியை மட்டும் காணும் பிள்ளைக்கு, நிற்கும் மரத்தையும் உடன் வந்த தம்பியரையும் காட்டுவோம். இரண்டும் ஒருவரிடத்தில் கூடுமானால் பதக்கம் வரலாம், வராமலும் போகலாம். ஆடுகளத்திலிருந்து வீடு திரும்புபவர் முன்னிலும் நல்லவராகத் திரும்புவார் என்பது உறுதி.